கேட்பதற்கு ஒரு காகிதம்

2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல் நாள். கொரோனா காலம் என்பதால் வாக்குச்சாவடியில் கைக்கு ஒரு பாலித்தீன் உறை கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு, பட்டியலின் கடைசிக்குப் போய் நோட்டாவை அமுக்கிவிட்டு வந்தேன். மோகனூர் வீட்டுத் திண்ணையில் பெரியம்மா புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குக் கண்ணு குத்துன?"

"நோட்டாவுக்கு, பெரியம்மா."

"அது யாரு? எந்தக் கச்சி?"

விளக்கினேன். நிற்கிற ஒருத்தரையும் பிடிக்கவில்லை என்று பதிவு செய்கிற பட்டன். 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி வந்தது. "சரி, அது செயிச்சா?" என்றார். செயிச்சாலும் ஒன்றும் ஆகாது, அதற்கு அடுத்து அதிக ஓட்டு வாங்கினவர்தான் எம்எல்ஏ ஆவார் என்றேன். கையிலிருந்த கொட்டையை முறத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பறம் அதுக்கு என்னத்துக்கு வெய்யில்ல போயி நின்ன?"

"எல்லாரும் ஒண்ணுதான் பெரியம்மா. எவனுக்குப் போட்டு என்ன ஆகப்போகுது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நம் வயதுக்காரர்களில் இந்த வாக்கியத்தைச் சொல்லாதவர்கள் குறைவு. சொல்லும்போது ஒரு சின்னப் பெருமையும் வரும். மற்றவர்களெல்லாம் ஏமாந்துகொண்டிருக்கிறார்கள், நான் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டேன் என்கிற பெருமை. எனக்கும் ரொம்ப நாள் இருந்தது. அந்த வாக்கியத்தில் எனக்குச் சந்தேகம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் சாராயத்தைப் பற்றிப் பேச வேண்டும். எங்கள் பக்கத்தில் அரசியலின் இரட்டை நாக்கை மதுக்கடை வாசலில் பார்த்த அளவுக்கு வேறெங்கும் பார்த்ததில்லை.

முதலில் பக்கத்தில் இருக்கிற உதாரணம். 2020 மே 7. ஊரடங்கு போட்டு ஆறு வாரம் ஆகியிருந்தது. அதிமுக அரசு டாஸ்மாக் கடைகளைத் திறந்தது. பக்கத்து மாநிலங்களில் திறந்துவிட்டார்கள், நம் ஆட்கள் எல்லை தாண்டிப் போகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். திமுகவும் கூட்டணிக் கட்சிகளும் அன்று கறுப்பு அணிந்து அவரவர் வீட்டு வாசலில் நின்றன. மறுநாள் உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. ஒரு வாரத்தில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதிக்க, மறுபடி திறந்தார்கள்.

பதின்மூன்று மாதம் கழித்து திமுக ஆட்சியில் இருந்தது. இரண்டாம் அலை முழுதாக ஓயவில்லை. 2021 ஜூன் 14 அன்று 27 மாவட்டங்களில் கடைகள் திறந்தன. கள்ளச்சாராயமும் போலி மதுவும் பரவிவிடும் என்பது இந்தத் தடவை சொல்லப்பட்ட காரணம். எதிர்ப்பது இப்போது அதிமுகவின், பாஜகவின் முறை. தொற்று அதிகமிருந்த 11 மாவட்டங்களில் நாமக்கல்லும் ஒன்று என்பதால் எங்களுக்கு மூன்று வாரம் தள்ளித்தான் திறந்தது. நோட்டா போட்ட எனக்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? பெரியம்மாவிடம் போனைக் காட்டி, "பாத்தீங்களா?" என்றேன்.

ஆனால் பெரியம்மாவிடம் காட்டாத ஒன்று இருந்தது. 2020 மே 7 அன்று நானும் அந்தக் கறுப்புச் சட்டைப் படம் ஒன்றை எடுத்து என் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தேன். அன்று சாயங்காலமே, நண்பன் மணிக்கணக்காக வரிசையில் நின்று வாங்கிவந்த பாட்டிலில் பங்கு வாங்கிக்கொண்டேன். ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் இருக்கும். அது இருக்கும்போதே மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தேன். கட்சிகளுக்கு மனசு மாறப் பதின்மூன்று மாதம் ஆனது. எனக்கு எட்டு மணி நேரம்.

ஓட்டுப் போடுகிறவர்களின் இரட்டை நாக்கைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கரூர் மாவட்டம். அங்கே அரவக்குறிச்சியிலும் அந்தப் பக்கம் தஞ்சாவூரிலும் 2016-ல் வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்தது அளவு மீறிப்போய், தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து செய்துவிட்டு நவம்பரில் நடத்தியது. கொடுத்தவன் யோக்கியன் இல்லை என்பது சரி. வாங்கினவன் அடுத்த நாள் டீக்கடையில் உட்கார்ந்து என்ன பேசியிருப்பான்? "எல்லாப் பயலும் திருடன்" என்றுதான்.

மதுவிலக்கு முதலில் வந்தது எங்கள் மாவட்டத்தில். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் அதைத் தொடங்கியது. மோகனூர் அன்று சேலம் மாவட்டம்தான். நாமக்கல் தனியாகப் பிரிந்தது 1997-ல். நாமக்கல் கவிஞர் பிறந்த ஊர் இது, காந்தியத்துக்குப் புதுசு இல்லை. 1948-க்குள் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. 1971-ல் கருணாநிதி அதைத் தளர்த்தினார். தொண்ணூறைத் தாண்டிய ராஜாஜி அவர் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதை இன்றும் மேடைகளில் சொல்வார்கள். 1974-க்குள் கருணாநிதியே கடைகளை மூடினார். 1981-ல் எம்ஜிஆர் திறந்தார். 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 2003-ல் ஜெயலலிதா சில்லறை விற்பனையையும் அரசின் கைக்குக் கொண்டுவந்தார். இரண்டு கட்சிகளுமே திறந்திருக்கின்றன, மூடியும் இருக்கின்றன, எதிர்த்தும் இருக்கின்றன.

இதையெல்லாம் ஒரே சாக்கில் கட்டி 'போலித்தனம்' என்று சீட்டு ஒட்டிவிடலாமா? காங்கிரஸில் இருந்த காலத்தில் பெரியார் கள்ளுக்கடை மறியல் நடத்தினார், தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிப் போட்டார். பின்னாளில் மதுவிலக்கை வெளிப்படையாக எதிர்த்தார். இது கருத்து மாற்றம். நேற்று அப்படி நினைத்தேன், இன்று இப்படி நினைக்கிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்வது. இதைப் போலித்தனம் என்று சொன்னால் யாரும் எதையும் யோசிக்கவே கூடாது என்றாகிவிடும். இன்னொரு வகை, நிஜமாகவே செய்ய நினைத்து முடியாமல் போவது. அது தோல்வி. மூன்றாவது வகைதான் நமக்கு எரிச்சலூட்டுவது. உட்காரும் நாற்காலி மாறினதும் அளவுகோலும் மாறிவிடுவது. 2020-லும் 2021-லும் நடந்தது அது.

எரிச்சல் நியாயம்தான். அந்த எரிச்சலை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

திருக்குறளில் கூடாவொழுக்கம் என்று ஓர் அதிகாரம் உண்டு, 28-வது. உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று வாழ்கிறவர்களை வள்ளுவர் அங்கே கிழித்துத் தொங்கவிடுகிறார். அந்த அதிகாரம் இருப்பது துறவறவியலில். வாய்மையும் அங்கேதான் இருக்கிறது. அரசனைப் பற்றிப் பேசும் பொருட்பாலுக்கு வந்தால் பேச்சின் தொனியே வேறு. 51-வது அதிகாரம் தெரிந்துதெளிதல், அதாவது ஒரு வேலைக்கு ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது. குறையே இல்லாத ஆளைத் தேடு என்று அங்கே அவர் சொல்லவில்லை. குணத்தையும் குற்றத்தையும் எடைபோட்டு, எது மிகுதி என்று பார்த்து எடு என்கிறார். அதிகாரத்தின் முடிவில், ஆராயாமல் நம்புவதும் ஆராய்ந்து நம்பின பிறகு சந்தேகப்படுவதும் ஒரே மாதிரி தீராத துன்பம் தரும் என்கிறார்.

அது அரசனுக்குச் சொன்னது. ஓட்டுரிமை வந்த பிறகு ஆளைத் தேர்ந்தெடுக்கும் அரசன் நாம்தான். நாமோ துறவியை எடைபோடுகிற தராசில் எம்எல்ஏவை நிறுத்துகிறோம். அவர் மனசு சுத்தமா, சொல்லும்போது உண்மையாக நினைத்தாரா என்று தோண்டுகிறோம். இல்லை என்று தெரிந்ததும் தராசையே தூக்கி எறிந்துவிட்டு எல்லாரும் ஒண்ணுதான் என்கிறோம். முதலில் ஆராயாமல் நம்பினோம், இப்போது ஆராயாமல் சந்தேகப்படுகிறோம். ஆராய்வது என்கிற வேலையை இரண்டு தடவையும் செய்யவில்லை.

பெரியம்மா அந்த வேலையைச் செய்தவர்.

பெரியப்பா மோகனூர் சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்புக்கு லோடு ஏற்றியவர். கூலி வாங்கின அன்று வீடு வந்து சேர்வது மட்டும் உறுதியில்லை. 2014-ல் ஈரல் கெட்டுச் செத்துப்போனார். 2016 தேர்தலில் திமுக ஆட்சிக்கு வந்தால் முழு மதுவிலக்கு என்றது. ஜெயலலிதா படிப்படியாக மதுவிலக்கு என்றார். பெரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "ரெண்டு பேருமே மூடறேங்கறாங்க. யாரு வந்தாலும் மூடித்தானே ஆகோணும்?" வாசலுக்கு வந்த நோட்டீஸ்களை வாங்கி, மடித்து, ரேஷன் கார்டு வைக்கிற தகரப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். நான் பெங்களூரிலிருந்து போனில் சிரித்தேன்.

ஜெயலலிதா பதவியேற்ற அன்றே 500 கடைகளை மூடக் கையெழுத்துப் போட்டார், கடை திறக்கும் நேரத்தைப் பகல் 12 மணிக்குத் தள்ளினார். இருந்த ஆறாயிரத்து எண்ணூறு சொச்சத்தில் ஐந்நூறு. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 ஏப்ரலில் ரோட்டோரக் கடைகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. மூடிய கடைகள் ஊருக்குள் இடம் தேடின. தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தது அப்போதுதான். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடின ஒரு பெண்ணைப் போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சியை டிவியில் பார்த்திருப்பீர்கள்.

பெரியம்மாவின் சொந்த ஊர் மோகனூருக்குப் பக்கத்தில்தான். அங்கே பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு கட்டடத்துக்குக் கடை வரப்போகிறது என்று பேச்சு. இருபது, இருபத்தைந்து பெண்கள் போய் அந்தக் கட்டடத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். பெரியம்மாவும் போனார். மூன்றாம் நாள் ஓர் அதிகாரி வந்து, கோர்ட் உத்தரவு, நாங்கள் என்ன செய்வது என்று பேசியிருக்கிறார். பெரியம்மா கையிலிருந்த நோட்டீஸை நீட்டினாராம்.

"ஏனுங்க சார், படிப்படியா மூடறமுன்னு சொல்லித்தானுங்களே ஓட்டு வாங்குனீங்க? படின்னா எறங்கறதுக்குங்களா, ஏறறதுக்குங்களா?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்பார் பெரியம்மா. கடை அங்கே வரவில்லை. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, காட்டுக்குள் வந்தது. அதைப் பெரிய வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன், அந்தப் பக்கத்து வீடுகளுக்கு அது வெற்றியே இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இன்றைக்கும் அந்தக் கடையைத் தாண்டிப் போவதில்லை.

அந்த வாக்குறுதியைக் கொடுத்தவர்கள் மனசார நினைத்துத்தான் கொடுத்தார்களா என்பது பெரியம்மாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. கொடுத்தார்கள், அச்சில் இருக்கிறது. அவர் கையில் அது ஒரு கயிற்றின் நுனி, பிடித்து இழுக்கலாம். எங்கள் வேலையில் இதைப் புரிந்துகொள்வது சுலபம். ஒரு மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்த ஆவணத்தை ஸ்பெக் என்போம். அதில் இருப்பது ஒன்று, ஓடுவது வேறு என்றால் 'பக்' என்று புகார் எழுதலாம், சரிசெய்கிற வரை மூடாமல் வைத்திருக்கலாம். ஸ்பெக்கே இல்லையென்றால்? எது ஓடினாலும் அதுதான் சரி. புகார் கொடுக்க இடமே இல்லை.

2016-ல் இருந்த முழு மதுவிலக்கு வாக்குறுதி திமுகவின் 2021 தேர்தல் அறிக்கையில் இல்லை. நம்மைப் போன்றவர்கள் ஐந்து வருஷம் "பொய், பொய்" என்று சிரித்ததற்குக் கிடைத்த பலன்களில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன். பொய் போய்விட்டது, கடை அங்கேயே இருக்கிறது. இப்போது யாரும் நம்மிடம் பொய் சொல்லவில்லை என்று சந்தோஷப்படுவதா?

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. எங்கள் டீமில் லண்டனிலிருந்து வேலை செய்யும் தமிழர் ஒருவர் உண்டு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு பிரிட்டனில் ஓட்டு உண்டு என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்கே 2010 தேர்தலில் லிபரல் டெமாக்ரட் வேட்பாளர்கள் பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்போம் என்று மாணவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். கன்சர்வேடிவ் கட்சியோடு கூட்டணி ஆட்சியில் உட்கார்ந்ததும், அந்த டிசம்பரிலேயே கட்டண உச்சவரம்பு 9,000 பவுண்டாக உயர்ந்தது. அவர்களில் பலர் உயர்வுக்கு ஆதரவாகவே வாக்களித்தார்கள். மக்கள் விடவில்லை. 2015-ல் 57 இடங்களில் இருந்த கட்சி எட்டுக்கு வந்தது. அதே தேர்தலில் தனிப்பெரும்பான்மை வாங்கினது கன்சர்வேடிவ் கட்சி. கட்டணத்தை உயர்த்தினதில் பெரிய பங்கு அவர்களுடையது. ஆனால் அவர்கள் கையெழுத்துப் போடவில்லையே! சத்தியத்தை மீறினவனைத் தண்டித்தோம் என்று எல்லாருக்கும் திருப்தி. அடுத்த தடவை புத்தியுள்ள அரசியல்வாதி என்ன கற்றுக்கொள்வான்? எதிலும் கையெழுத்துப் போடாதே என்பதைத்தான்.

அப்படியானால் பொய் சொல்லலாம், பரவாயில்லை என்கிறேனா? இல்லை. இரட்டை நாக்குக்கு ஒரு விலை இருக்கிறது, அது நாம் வழக்கமாகத் தேடுகிற இடத்தில் இல்லை. 2023-24-ல் மது விற்பனையால் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 2016-லிருந்து இரண்டு ஆட்சிகளும் மூடி மூடிக் கடைகள் ஐயாயிரத்துக்குக் கீழே வந்துவிட்டன. 2023 ஜூனில்கூட 500 கடைகளை மூடினார்கள். வருவாய் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இந்தப் பணம் இல்லாமல் பஸ்ஸும் ரேஷனும் பள்ளிக்கூடமும் எப்படி ஓடும் என்று மூடச் சொல்கிற கட்சிகள் பெரும்பாலும் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. திறந்து வைத்திருக்கிற கட்சியோ, கடை இருந்தால் கள்ளச்சாராயம் வராது என்கிறது. அரசுக் கடைகள் திறந்திருந்த காலத்திலேயே, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபது பேருக்கு மேல் கொன்றது. மூடினாலும் திறந்தாலும் பதில் சொல்ல வேண்டிய கஷ்டமான கேள்விகள் இருக்கின்றன. வாக்குறுதியும் வசையும் மாறி மாறி அந்தக் கேள்விகளை மூடிவைக்கின்றன. பொய்யின் நிஜமான நஷ்டம் இந்த நடக்காத பேச்சுதான்.

ராஜாஜியோடு எனக்குப் பல விஷயங்களில் ஒத்துப்போகாது. ஆனால் மதுவிலக்கால் போகும் வருவாய்க்கு மாற்று வேண்டும் என்று 1939-ல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். நல்லது செய்கிறேன், அதற்கு இதுதான் பில் என்று நீட்டினார். யாரும் விரும்பாத வரி. மதுவிலக்கு போய்விட்டது, வரி நின்றுவிட்டது. 2023-24-ல் மதுவால் வந்த அந்த 45,000 கோடியில் முக்கால் பங்கு அந்த விற்பனை வரியின் பேரப்பிள்ளையான வாட் வரிதான். சாராயக் காசு வேண்டாம் என்று போட்ட வரியின் வழியாகவே சாராயக் காசு வருகிறது.

எனவே இப்போதெல்லாம் ஒரு வாக்குறுதியைப் பார்த்தால், இவன் மனசார சொல்கிறானா என்று நான் தோண்டுவதில்லை. அது யாருக்குத் தெரியும், என் மனசே எனக்கு எட்டு மணி நேரம்தான் தெரிந்திருந்தது. பில் எங்கே என்று பார்க்கிறேன். யார் கையில் இந்தக் காகிதம் கயிறாகும் என்று பார்க்கிறேன். ஒரு கடை ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிப்போவதில் இருக்கிற வித்தியாசம் மாடியறையில் இருப்பவனுக்குத் தெரியாது. எல்லாரும் ஒண்ணுதான் என்று சொல்ல, அரசாங்கத்திடம் எதுவும் தேவைப்படாத ஒரு வாழ்க்கை வேண்டும். அது எனக்கு இருந்தது, பெரியம்மாவுக்கு இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அவரிடம் அந்த மாடியறைக் கதையைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும் கண்ணு. கதவச் சாத்துனா வாசம் போயிருமா?"

"அன்னைக்குக் கறுப்புச் சட்டை படம் வேற போட்டிருந்தேன் பெரியம்மா. நானும் அவங்கள மாதிரிதான்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "குடிக்கறவன் குடி கெட்டதுன்னு சொன்னா அது பொய்யாயிருமா? உங்க பெரியப்பனும் சொல்லிக்கிட்டேதான் குடிச்சாரு. சொன்னது நெசந்தான். செஞ்சதுதான் தப்பு." பிறகு, "இப்ப எங்கிட்டச் சொல்லிட்ட இல்ல? இனி நான் கேப்பேன்" என்றார்.

எழுந்துபோய்த் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். 2016 நோட்டீஸ்கள் மடித்தபடியே இருந்தன, மடிப்பில் கிழிந்திருந்தன. 2021-ல் வந்தவையும் இருந்தன. இதையெல்லாம் எதற்கு இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நாளைக்குப் போயிக் கேக்கறதுக்கு ஒரு காயிதம் வேணுமில்ல?" என்றார். "அடுத்த தடவ எவனாச்சும் கொண்டாந்து குடுத்தா ஒண்ணு எச்சா வாங்கி வெக்கறேன். உனக்கு."